கட்டைவிரல் நகம்

முதலில் அந்த நகத்தைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் அவளைச் சொல்ல முடியாது.

வலது கைக் கட்டைவிரலில் மட்டும்தான் வளர்த்திருந்தாள். மற்ற விரல்களில் ஒட்ட வெட்டியிருப்பாள். அந்த ஒன்று மட்டும் விரல் நுனியைத் தாண்டி, கிளியின் மூக்கு மாதிரி லேசாக வளைந்து, மஞ்சளாக இருக்கும். அடியில் எப்போதும் கறுப்பு மண். அந்த நகத்தால் அவள் செய்யாத வேலை கிடையாது. கறிவேப்பிலை கிள்ளுவாள், பூண்டு உரிப்பாள், சாளை மீனின் செவுளைத் தோண்டுவாள், பேரப்பிள்ளைகளின் தலையில் ஈர் குத்துவாள், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவாள். ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவில் சேலையில் ஒரு துடைப்பு. அவ்வளவுதான் கழுவல்.

எங்கள் தெருவுக்கெல்லாம் அவள் மயினி. அண்ணன் மனைவியை அப்படிக் கூப்பிடுவது எங்கள் பக்க வழக்கம். அவள் எங்களில் யாருக்கும் அண்ணன் மனைவி இல்லை. மூத்தவள் என்பதால் ஒட்டிக்கொண்ட முறை. பெயரை எழுதவில்லை. களியக்காவிளையில் மகள் வீட்டுக்குப் போனவள் அங்கேயே கண்ணை மூடிவிட்டாள். செத்தவளைப் பெயர் போட்டுக் குறை சொல்லக் கூடாது. அவர் என்று மரியாதையாக எழுதத்தான் நினைத்தேன், கை வரவில்லை. நான் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுத்தில் என்றால் யாரும் குறுக்கே பேசமாட்டார்கள்.

பூதப்பாண்டிக்குப் பக்கத்தில், வயலை நிரவி மனை போட்ட தெரு எங்களுடையது. மேலே லாரியில் வந்த செம்மண், கீழே பழைய வயல் சேறு. மழை பெய்தால் வெள்ளம் இறங்காது. அந்த மண்ணில் ஒரு செடியைப் பிழைக்க வைப்பதே பெரிய காரியம். அதனால்தானோ என்னவோ, எங்கள் தெருப் பெண்களுக்குச் செடிப்பேச்சு இல்லாமல் பொழுது போகாது. சாயங்காலம் சாயா குடித்து முடித்ததும் எஸ்தர் வீட்டு மதிலோரம் கூடிவிடுவோம். எஸ்தர் எனக்குப் பக்கத்து வீடு, கணவனை இழந்தவள். லீலா எதிர்வீடு. எதிலும் சிரிப்பு கண்டுபிடிக்கிறவள்.

"ஏட்டி லீலா, ஒன் செம்பருத்தியில வெள்ளையா என்னது, மாவு தூவுனாப்புல?" என்பாள் எஸ்தர்.

"மாவுப்பூச்சியாக்கும். கஞ்சித்தண்ணி தெளிச்சாப் போவும்னு சொன்னாவ. தெளிச்சேன். சவம், அதையும் குடிச்சிட்டுக் கொழுத்துப் போச்சு."

"கஞ்சி குடிச்சாக் கொழுக்குமா?"

"எங்க வீட்டுக்காரரைப் பாத்தப் பொறவும் கேக்கியே."

எஸ்தருக்கு மழை லில்லிக் கவலை. இரணியலில் இருக்கும் தங்கை ஒரே ஒரு கிழங்கு கொடுத்துவிட்டாளாம். "ஒண்ணு வச்சேன்க்கா. இப்ப நடையெல்லாம் அதுதான். மிதிக்காம வீட்டுக்குள்ள ஏற முடியல்ல."

"பேச்சும் கிழங்கும் ஒண்ணுட்டி, வச்ச எடத்துல நிக்காது" என்பாள் லீலா.

நான் கேட்டுக்கொண்டு நிற்பேன். எனக்கு அதுவே போதும்.

இந்தப் பேச்சு தொடங்கினால் போதும், மணம் பிடித்தது போல மயினி வந்துவிடுவாள். அவள் வருவதற்கு முன்னால் அவளுடைய வாடை வரும். மீன் தலையும் குடலும் வாளியில் போட்டு வெல்லம் கலந்து அழுக வைத்து, அந்தத் தண்ணீரைத்தான் செடிகளுக்கு ஊற்றுவாள். நல்ல உரம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைக் கையால்தான் கலக்குவாள். அந்தக் கையோடுதான் வருவாள். நின்று பேசும்போதே மதிலுக்கு மேல் எட்டி எஸ்தரின் நந்தியாவட்டத்தில் ஒரு கொழுந்தைக் கிள்ளுவாள். நகம் படும்போது 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும்.

"கிள்ளினாத்தான் கிளைக்கும் மக்கா" என்பாள்.

கொழுந்தைக் கிள்ளினால் கிளைக்கும். மொட்டைக் கிள்ளினால்? அதையும் கிள்ளுவாள். என் வீட்டு வாசலில் இருந்த பிச்சிக்கொடியில் அவள் வந்துபோன அன்று ஒரு மொட்டு மிஞ்சாது. பேசிக்கொண்டே கிள்ளிக் கிள்ளி, உள்ளங்கையில் சேர்ந்ததை முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே போட்டுவிட்டுப் போவாள். தலையில் வைத்தாலாவது பொறுக்கலாம்.

அவளுடைய பெருமை சிவப்பு லில்லி. எங்கள் பக்கத்தில் ஈஸ்டர் லில்லி என்போம், அந்தப் பண்டிகைச் சமயத்தில் பூப்பதால். அவள் வீட்டுக் கேட்டிலிருந்து கிணறு வரைக்கும் மதிலை ஒட்டி வரிசையாக நிற்கும். வெற்றிலை துப்புகிற கோளாம்பி போல வாய் விரித்த பூ, ஒரு தண்டில் நாலு. பூக்கிற மாதத்தில் ரோட்டில் போகிறவர்கள்கூட பைக்கை நிறுத்திப் போனில் படம் எடுப்பார்கள். அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "எடுங்க மக்கா, நல்லா எடுங்க. நாகர்கோவில் முழுக்கத் தேடுனாலும் இந்தச் செவப்பு கிட்டாது." அன்றைக்கெல்லாம் அவள் முகம் பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

கேட்டவர்களுக்கு இல்லை என்று சொன்னதே கிடையாது. கிழங்கைத் தோண்டி, ஈரமண் அப்பி, பேப்பரில் பொதிந்து, வீடு தேடி வந்து தருவாள். "ஒரு சாண் ஆழத்துல வையி. காலையும் சாயங்காலமும் நெறைய வெள்ளம் ஊத்தணும், கேட்டியா? காயப்படாது." தெரு முழுக்கச் சொல்லும், இப்படிக் கொடுக்கிற மனசு யாருக்கு வரும் என்று.

எனக்கும் தந்தாள். சொன்னபடியே வைத்தேன், சொன்னபடியே ஊற்றினேன். கிழங்கில் ஒரு இலை எட்டிப் பார்த்தது, அப்படியே மஞ்சளித்தது. தோண்டினால், பழுத்து அழிந்த கூழைச்சக்கைப் பலாப்பழம் போலக் குழைந்து என் விரல் உள்ளே போயிற்று. உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தது. அந்த நாற்றம் சோப்புப் போட்டும் கையை விட்டுப் போகவில்லை. அன்று சாதம் பிசைந்து உண்ண முடியாமல் கரண்டியால் உண்டேன்.

மயினி வந்து பார்த்தாள். அந்த அழுகலைக் கையில் எடுத்து, நகத்தால் அழுத்தி, முகர்ந்தாள். பிறகு என் வலது கையைப் பிடித்து இழுத்து உள்ளங்கையை விரித்தாள். நடுவில் நகத்தால் ஒரு கோடு இழுத்தாள்.

"ஒனக்குச் சூட்டுக்கையாக்கும் மக்கா. கைராசி இல்ல. சிலருக்கு அப்படித்தான். மனசுல வச்சுக்கிடாத."

அந்தக் கோடு வெகு நேரம் சிவந்து கிடந்தது.

எஸ்தருக்குக் கொடுத்ததும் அழுகிற்று, லீலாவுக்குக் கொடுத்ததும் அழுகிற்று. லீலாவிடம், "ஒனக்குப் பொறுமை இல்லட்டி" என்றாள். எஸ்தரிடம், "ஒன் மண்ணு சரியில்ல" என்றாள். லீலா எதிர்த்துப் பேசுவாள், எஸ்தர் டீச்சர் வேலை பார்த்தவள். வாய் இல்லாத எனக்குத்தான் கைக்குற்றம் வந்து சேர்ந்தது.

லீலா சொன்னது சரி. பேச்சு வைத்த இடத்தில் நிற்கவில்லை. எங்கள் பக்கத்தில் முதல் விதையை யார் கை போடுகிறது என்று பார்ப்பார்கள். சிறு பிள்ளையிலிருந்தே எங்கள் விளைத் தோட்டத்தில் வெள்ளரிக்கும் தடியங்காய்ப் பூசணிக்கும் முதல் விதை போட்டது நான்தான். லீலாகூட மாடிப் பைகளில் பயறு போடும்போது, "எக்கா, ஒரு வெத போட்டுட்டுப் போ" என்று கூப்பிடுவாள். அந்தக் கூப்பாடு மெல்ல நின்றது. மருமகள் மிளகாய் நாற்று வைத்தபோது, நல்ல பெண் அவள், என் மனசு நோகக்கூடாது என்று, "அத்தை, நீங்க வெள்ளம் மட்டும் ஊத்துங்கோ" என்றாள்.

அவர்கள் நம்பியது போகட்டும், நானும் நம்பினேன். அதுதான் கேவலம். மாங்காய் ஊறுகாயில் பூசணம் பூத்தால் என் கை என்று நினைப்பேன். தயிர் புளித்தால் என் கை. மகனுக்குப் பெண் பிள்ளை பிறந்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, உச்சந்தலையில் எண்ணெய் வைக்க மருமகள் குழந்தையை என் மடியில் தந்தாள். அந்த இடம் மெதுமெதுவென்று துடித்துக்கொண்டிருக்கும் அல்லவா? கையை நீட்டினேன், இழுத்துக்கொண்டேன். "நீயே வையி மக்கா, எனக்குக் கை நடுங்குது" என்றேன்.

மயினி கெட்டவள் மட்டுமே என்றால் எழுதவே வேண்டியதில்லை. எனக்குக் காய்ச்சல் வந்து கிடந்தபோது தினமும் கஞ்சி கொண்டுவந்தவள் அவள். சம்பாவரிசிக் கஞ்சி, தொட்டுக்கொள்ளச் சுட்ட பப்படம். கிண்ணத்தை அவள் பிடித்திருக்கிற பிடியில் கட்டைவிரல் கஞ்சிக்குள் மூழ்கியிருக்கும். நான் கண்ணை மூடிக்கொண்டு குடிப்பேன். நன்றி சொல்லவும் வேண்டும், ஓங்கரிக்கவும் வரும். அவளோடு பழகியது முழுக்க அந்தக் கஞ்சி மாதிரிதான்.

மழைக்காலத்தில் பெரிய நத்தைகள் வரும். கைப்பிடி அளவு ஒவ்வொன்றும், ஒரு ராத்திரியில் ஒரு செடியைத் தின்றுவிடும். நாங்களும்தான் கொல்லுவோம். உப்பைத் தூவிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு வருவோம். அவள் வாளியில் நத்தைகளைப் போட்டு, உப்பைப் போட்டு, பக்கத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்து, அது நுரைத்து அடங்குகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பாள். இடையில் ஒன்று வாளியின் விளிம்புக்கு ஏறி வந்தால் நகத்தால் சுண்டி உள்ளே தள்ளுவாள்.

பேத்தி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் பிள்ளை பிறந்தால் அதன் பெயருக்கு ஒரு தென்னம்பிள்ளை வைப்பது வழக்கம். தகப்பனைப் பெற்றவள்தான் வைக்க வேண்டும். என் மகனுக்கு என் மாமியார் வைத்த தென்னை இன்றைக்கும் காய்க்கிறது. மகன் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருந்தான். ஜூன் மாதத்து இடவப்பாதி மழை தொடங்கியிருந்தது. வரும் வெள்ளிக்கிழமை வைக்கலாம் என்று பேச்சு வந்தபோது மதிலோரம் மயினியும் நின்றாள்.

"ஏலே மக்கா, பிள்ளைக்குத் தென்னம்பிள்ளை நான் தாறேன். நானே வச்சும் தாறேன். ஒங்க அம்மைக்குக் கை சரியில்லல்லா" என்றாள், அத்தனை பேர் முன்னால், ஏதோ உபகாரம் செய்கிற மாதிரி.

மகன் என்னைப் பார்த்தான். "அம்மா, நீங்க என்ன சொல்லுதிய?"

என்ன சொல்ல? பிள்ளையின் தென்னை பட்டுப்போனால் அந்தப் பழியை யார் சுமப்பது? "மயினி வச்சா நல்லதுதான்" என்றேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் வெற்றிலை பாக்கு எடுத்துக்கொண்டு அவளை முறைப்படி அழைக்கப் போனேன். முன்வாசல் திறந்து கிடந்தது. டிவியில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது, பார்க்க ஆளில்லை. பக்கவாட்டில் நடந்து பின்னால் போனேன்.

கிணற்றடியில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் நத்தை வாளி நுரைத்துக்கொண்டிருந்தது. மறுபக்கம் அலுமினியப் பாத்திரத்தில் சிவப்பு லில்லிக் கிழங்குகள். ஒரு கிழங்கைத் தலைகீழாக இடது கையில் பிடித்தாள். அடியில், வேர் புறப்படுகிற வட்டத்தில் நகத்தை ஊன்றி ஒரு சுற்றுச் சுற்றினாள். ஒரு வில்லை கழன்று விழுந்தது. கொழகொழவென்று பால் வடிந்தது, தொடையில் துடைத்தாள். பிறகு ஈரமண்ணை எடுத்துக் காயம் தெரியாமல் அப்பி, பேப்பரில் வைத்தாள். அடுத்த கிழங்கை எடுத்தாள்.

அவை யாருக்கு என்று எனக்குத் தெரியும். எஸ்தர் கேட்டிருந்தாள். அவள் கணவனை அடக்கிய கல்லறைத் தோட்டத்தில், கல்லறைத் தலைமாட்டில் வைக்க. "அவருக்குச் செவப்புன்னா உயிரு. ஈஸ்டருக்குச் சரியாப் பூக்கும்லா" என்று மதிலோரம் சொன்னபோது நானும் நின்றேன்.

"மயினி" என்றேன். சத்தம் தானாக வந்துவிட்டது.

அவள் திடுக்கிடவில்லை. "வா மக்கா. எப்ப வந்தே?"

"அது எஸ்தருக்கு உள்ளதா?"

"ஆமா."

"அடியத் தோண்டிப் போட்டா வேரு எப்படி வரும்?"

அவள் சிரித்தாள். "ஏட்டி, எல்லா வீட்டுலயும் பூத்துட்டா, பின்னே எங்க வீட்டு நடையில ஆரு வந்து நிப்பா?"

ஒரு குழம்புக்குப் பக்குவம் சொல்வது போலச் சொன்னாள். "இல்லன்னு சொன்னா பொல்லாப்பு. முழுசாக் குடுத்தா நமக்கு மதிப்பில்ல. இதுன்னா ரெண்டுக்கும் கொள்ளாம்."

நான் கேட்க நினைத்ததை அவளே சொன்னாள். "ஒனக்குத் தந்ததும் இப்படித்தான். நீ ஆருகிட்டயும் சொல்லமாட்டே. எனக்குத் தெரியும்லா."

கிணற்றுத் திண்டில் பாதி வெட்டிய சக்கைப்பழம் இருந்தது. அதே நகத்தைச் சுளைக்குள் விட்டுக் கீறி, கொட்டையை எடுத்து எறிந்துவிட்டு, என் வாய்க்கு நேரே நீட்டினாள். "இந்தா, தேன்வரிக்கை. தின்னு பாரு."

நகம் என் உதட்டில் பட்டது. நான் வாயைத் திறந்தேன். மென்றேன். விழுங்கினேன். "நல்லா இருக்கு மயினி" என்றுகூடச் சொன்னேன். வெற்றிலையைத் திண்டில் வைத்துவிட்டு, "நாளைக்குக் காலையில வந்திருங்கோ" என்று அழைத்துவிட்டுத்தான் வந்தேன்.

தெரு முனை ஓடையில் குனிந்து எல்லாவற்றையும் கக்கினேன். அவளைவிட என்மேல்தான் எனக்கு அருவருப்பு. துப்பியிருக்கலாம். கையைத் தட்டிவிட்டிருக்கலாம்.

வாயைக் கொப்பளித்துக்கொண்டிருக்கும்போதுதான் அது நினைவுக்கு வந்தது. போன வருஷம், "இன்னொண்ணு வச்சுப் பாரு" என்று அவள் தந்த ஒரு கிழங்கு. மறுபடியும் அழுகலைத் தோண்ட மனசில்லாமல், நான் அதை வைக்கவே இல்லை. குளியலறைக்குப் பின்னால், மழை படாத ஷீட்டுக்குக் கீழே, மணல் கிடந்த ஓட்டைச் சட்டியில் போட்டுவிட்டு மறந்தேவிட்டேன்.

போய்ப் பார்த்தேன். மேல் தோல் வெங்காயச் சருகாகக் காய்ந்து கிடந்தது. மண் எல்லாம் உதிர்ந்திருந்தது. திருப்பினேன். அடியில் நகம் சுற்றிய வட்டம் தழும்பாக இறுகியிருந்தது. அந்தத் தழும்பைச் சுற்றி, பூண்டுப்பல் போல வெள்ளை வெள்ளையாகக் குட்டிக் கிழங்குகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. சிலவற்றில் பச்சை மூக்கு. அவள் தோண்டிய இடத்தில்தான் அத்தனையும் முளைத்திருந்தன. அவள் சொன்ன தண்ணீரை ஊற்றாததால் அழுகாமல் பிழைத்திருக்கிறது.

அங்கேயே உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கையால் தொட்டுப் பார்த்தேன். என் கைதான். என் கைக்கு ஒன்றும் இல்லை.

அன்று இருட்டுவதற்குள் எங்கள் கிணற்றடித் தென்னையின் கீழே தேடினேன். உதிர்ந்த நெற்று ஒன்று தானே முளைத்து இரண்டு ஓலை விட்டிருந்தது. அதை எடுத்துக் கழுவித் பத்திரமான இடமாகப் பார்த்துச் சாய்த்து வைத்தேன். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு வராது.

வெள்ளிக்கிழமை காலையில் மயினி மாம்பழக்கலர்ப் பட்டு உடுத்து வந்தாள். கையில் தென்னம்பிள்ளை, அதன் கழுத்தில் ஈரமண் உருண்டையாக அப்பியிருந்தது. எஸ்தருக்கு உள்ள பொதியை விடியற்காலையிலேயே கொடுத்துவிட்டாளாம். மகன் குழி வெட்டி உப்பும் மணலும் போட்டிருந்தான். எஸ்தர், லீலா, மருமகள் மடியில் பிள்ளை, எல்லோரும் சுற்றி நின்றோம். மயினி குழியை நோக்கிக் குனிந்தாள்.

எப்போதும் பின்வரிசையில் நிற்கிறவள் நான். எப்படி முன்னால் போனேன் என்று தெரியாது. "குடுங்க மயினி" என்று அதை அவள் கையிலிருந்து வாங்கினேன். செம்புத் தண்ணீரை அதன் கழுத்தில் ஊற்றினேன். மண் கரைந்து இறங்கியது. நெற்றிலிருந்து குருத்து புறப்படுகிற இடத்தில், பிறை போல ஒரு கீறல், ஆழமாக, விளிம்பு கறுத்து இருந்தது.

லீலா எட்டிப் பார்த்தாள். "இதென்னது? எலி கடிச்சதா?"

"எலியாத்தான் இருக்கும். சவம், எங்க விளையில எலி கூடிப்போச்சு" என்றாள் மயினி.

"அந்த எலிக்கு ஒரு பல்லுதான் போல மயினி" என்றேன்.

லீலா சிரிக்கத் தொடங்கினாள். பாதியில் நிறுத்தினாள். எல்லோருடைய கண்ணும் போன இடத்தை நான் சொல்ல வேண்டாம். மயினி கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, கையைப் பட்டு முந்தானைக்குள் சொருகிக்கொண்டாள். பிள்ளைக்கு வைக்கிறதில்கூடவா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நான் எடுத்துவைத்திருந்த தென்னம்பிள்ளையைக் கொண்டுவந்தேன்.

"அம்மா, நீங்களா வைக்கிய?" என்றான் மகன்.

"நான்தான். ஒன் மகளுக்கு ஒன் அம்மைதான் வைக்கணும்."

வைத்தேன். மண்ணைத் தள்ளிக் காலால் மிதித்தேன். பிள்ளை என்னவோ சத்தம் போட்டது.

வேறொருத்தி என்றால் அப்போதே போயிருப்பாள். மயினி போகவில்லை. பந்தியில் உட்கார்ந்து பாயசம் வாங்கி, இன்னொரு தடவையும் கேட்டு வாங்கி, இலையை வழித்துச் சாப்பிட்டாள். அதற்குள் எஸ்தர் தன் வீட்டுக்குப் போய்ப் பொதியைப் பிரித்துப் பார்த்துவிட்டு அடுக்களை வழியாக வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"எலி எங்க வீட்டுப் பொதியிலயும் கடிச்சிருக்குக்கா" என்றாள் மெதுவாக. "செத்தவருக்கு வைக்கதுலயுமா? நான் அவளை என்னக்கா செய்தேன்?"

அவளைப் பின்பக்கம் கூட்டிப்போய் ஓட்டைச் சட்டியைக் காட்டினேன். முக்கால்வாசிக் குட்டிகளைப் பிரித்து, எப்படி முளைத்தது என்று சொல்லி, அவள் முந்தானையில் போட்டேன். "பூக்க ரெண்டு மூணு வருஷம் ஆவும் எஸ்தரு. தண்ணி நெறைய ஊத்தாத" என்றேன். அவள் முந்தானையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு போனாள்.

திரும்பினால் மயினி நிற்கிறாள். பல்லில் சேமியா ஒட்டியிருக்கிறது.

"பாத்தியா! நான் தந்த கெழங்கு எப்படிப் பெருகியிருக்கு! எனக்கு ரெண்டு தா மக்கா."

அவள் வீட்டில் கேட்டிலிருந்து கிணறு வரைக்கும் நிற்கிற அதே லில்லி. வெட்கம் என்று ஒன்று அவளுக்கு எந்த இடத்திலும் இல்லை. ஆனால் இல்லை என்று சொல்ல எனக்கும் வரவில்லை. குனிந்து, மிச்சம் இருந்ததில் இரண்டு குட்டிகளை எடுத்தேன்.

அப்போதுதான் பார்த்தேன். பிள்ளை வந்த வேலையில் நானும் நகம் வெட்டி நாளாகியிருந்தது. என் கட்டைவிரல் நகம் கிழங்கின் அடியில், வேர் புறப்படுகிற வட்டத்தில் இருந்தது. அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தி இருந்தது. ஒரு சுற்று போதும். மேலே கொஞ்சம் மண். அழுகினால் பழி அவள் கைக்குத்தானே என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. அந்தக் குரல் என்னுடையதுதான்.

நிமிர்ந்தேன். மயினி கிழங்கைப் பார்க்கவில்லை. என் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்தாள். தன் வீட்டு ஆளைக் கூட்டத்தில் கண்டுகொண்டது போன்ற சிரிப்பு.

அந்தச் சிரிப்பு என் உடம்பில் புழு ஊர்ந்த மாதிரி இருந்தது. இரண்டு கிழங்கையும் வேரோடு, ஒரு பிடி மணலோடு, முழுசாக அவள் கையில் வைத்தேன். அவள் திருப்பி அடியைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை என்று கண்டதும் அவள் முகம் சப்பென்று ஆகிவிட்டது.

உள்ளே வந்து மகனின் ஷேவிங் பெட்டியில் பிளேடைத் தேடி எடுத்தேன். பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட மருமகள் பாய் விரித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, வெள்ளிக்கெழம நகம் வெட்டப்படாதுல்லா? லெச்சுமி எறங்கிப் போயிருவா."

"போனாப் போட்டும்" என்றேன்.

சதை தெரிய வெட்டினேன். சோப்புப் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினேன். மருமகளிடமிருந்து எண்ணெய்க் கிண்ணத்தை வாங்கி, உள்ளங்கையில் ஊற்றி, பிள்ளையின் உச்சந்தலையில் வைத்தேன். துடித்துக்கொண்டிருந்தது. என் கை சூடாகத்தான் இருந்தது. பிள்ளை அழுகையை விட்டுக் கண் சொக்கியது.